மலேரியாக் காய்ச்சலும் வெட்டப்பட்ட அரைப் புள்ளியும்

தமிழ்மொழி மூல விஞ்ஞானப் பாடநூல்களை எழுதுவோருக்கும், கலைச்சொற்களைத் தெரிவுசெய்வோருக்கும், விடைத்தாள் திருத்துவோருக்கும் ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரியோரே,

வணக்கம். வன்னிப் பள்ளிக்கூடங்களில் இருபத்தெட்டு வருஷம் விஞ்ஞானம் படிப்பித்துவிட்டு இப்போது வளவில் தென்னைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கிறவன் நான். பென்சன்காரனுக்கு நேரம் அதிகம். பழைய கணக்குகளெல்லாம் ஞாபகத்துக்கு வரும். இது ஒரு அரைப் புள்ளிக் கணக்கு.

பல வருஷங்களுக்கு முன் ஒரு தவணைப் பரீட்சை. நுளம்பினால் பரவும் நோய்கள் இரண்டைக் குறிப்பிடுக என்று கேள்வி. என் வகுப்புப் பிள்ளை ஒருத்தி 'மலேரியாக் காய்ச்சல், டெங்குக் காய்ச்சல்' என்று எழுதியிருந்தாள். விடைத்தாள்கள் வெளியிலே திருத்தப்பட்டு வந்தன. மலேரியாவுக்குப் பின்னால் இருந்த 'காய்ச்சல்' மேல் சிவப்புக் கோடு. பக்கத்தில் 'மலேரியா என்றாலே காய்ச்சல்தான். கூறியது கூறல்' என்று குறிப்பு. அரைப் புள்ளி போய்விட்டது. டெங்குக் காய்ச்சலை மட்டும் ஒருவரும் தொடவில்லை. அது ஏன் தப்பியது என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

கூறியது கூறல் நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் ஒன்று. நன்னூலை எதிர்த்துக் கதைக்க எனக்கென்ன தகுதி? பிள்ளை வந்து கேட்டபோது, "அவர் சொல்லுறது சரிதானே பிள்ளை" என்று அனுப்பிவிட்டேன். ஆகவே இந்தக் கடிதத்தில் குற்றவாளிக் கூண்டில் முதலில் நிற்கிறவன் நான்தான். பிறகு ஒருநாள் பெரிய ஆங்கில அகராதி ஒன்றைப் புரட்டியபோதுதான் பிள்ளை எழுதியது குற்றமே இல்லை என்று தெரிந்தது. அந்தச் சொல்லின் பிறப்பைப் பார்த்தால் அவள் எழுதியதுதான் பழைய வழக்கு.

மலேரியா என்பது இத்தாலிய மொழிச் சொல். 'மாலா' என்றால் கெட்ட, 'ஆரியா' என்றால் காற்று. இரண்டும் சேர்ந்து கெட்ட காற்று. ரோமாபுரியைச் சுற்றிச் சதுப்பு நிலங்கள் இருந்தன. கோடை வந்தால் காய்ச்சலும் வரும். சதுப்பிலிருந்து எழும் நாற்றக் காற்றுத்தான் ஆட்களைக் கொல்கிறது என்று அந்த ஊரார் நம்பினார்கள். பொழுது பட்டதும் யன்னல்களைச் சாத்திக்கொள்வார்கள். 1740இல் ரோமாபுரிக்குப் போன ஆங்கிலேயர் ஹொரஸ் வால்போல், ஒவ்வொரு கோடையும் வந்து ஆளைக் கொல்லும் பயங்கரமான ஒன்று இங்கே உண்டு, அதற்குப் பெயர் இது என்று வீட்டுக்குக் கடிதம் எழுதினார். ஆங்கிலத்துக்கு அந்தச் சொல் வந்த வழி அது. 1827இல் ஜோன் மக்கலக் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் இந்தப் பெயரிலேயே ஒரு நூல் வெளியிட்டார். சொல் மருத்துவ எழுத்துக்குள் நுழைந்தது அதன் பிறகுதான்.

இதில் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று இருக்கிறது. வால்போலும் மக்கலக்கும் 'மலேரியா' என்றது நோயை அல்ல, காற்றை. அந்தக் காற்று பட்டால் வருவது மலேரியாவினால் வரும் காய்ச்சல். 19ஆம் நூற்றாண்டின் மருத்துவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் எழுதினார்கள். காற்றின் பெயர் நோயின் பெயராக மாறியது பிறகு. ஆக, எங்கள் சனம் இன்றைக்கும் சொல்லுகிற 'மலேரியாக் காய்ச்சல்' பழைய ஆங்கில வழக்கோடு சரியாகப் பொருந்துகிறது. கெட்டகாற்றுக் காய்ச்சல். இதில் எங்கே கூறியது கூறல்?

அரைப் புள்ளிக்காக மட்டும் இவ்வளவு நீட்டி எழுதுவேனா என்று நீங்கள் நினைக்கலாம். எழுதுவேன். ஆனால் அதைவிடப் பெரிய கதையும் இருக்கிறது.

என் ஐயாவின் ஊர் வடமராட்சி. முத்தையன்கட்டில் காணி கிடைத்து வன்னிக்கு வந்தவர். புறப்பட்ட அன்றைக்கு ஆச்சி படலையில் நின்று சொன்ன புத்திமதி ஒன்றே ஒன்றுதானாம்: "தம்பி, வன்னித் தண்ணியைக் கொதிக்க வைக்காமல் குடியாதை." வன்னிக் காய்ச்சல் தண்ணீரால் வருகிறது என்பது அந்தத் தலைமுறையின் நம்பிக்கை. இத்தாலிக்காரன் காற்றைக் குற்றம் சொன்னான், எங்கள் ஆச்சி தண்ணீரைக் குற்றம் சொன்னா. இரண்டு பேரும் பிழை. ஆனால் நுளம்பு தண்ணீரில் பிறந்து காற்றில் பறந்து வருகிறது என்பதை நினைத்தால், இரண்டு பேரும் வாசல்வரைக்கும் வந்துவிட்டுக் கதவைத் தட்டாமல் திரும்பியிருக்கிறார்கள்.

கதவைத் தட்டியவர்களின் பெயர்கள் உங்களுக்குத் தெரியும். 1880 நவம்பரில் அல்ஜீரியாவில் இருந்த பிரெஞ்சு இராணுவ வைத்தியர் லாவரன், காய்ச்சல்காரச் சிப்பாய் ஒருவரின் இரத்தத்தில் ஒட்டுண்ணியைக் கண்டார். 1897 ஓகஸ்ட் 20ஆம் திகதி சிக்கந்தராபாத்தில் றொனால்ட் றொஸ் அதே ஒட்டுண்ணியை நுளம்பின் வயிற்றுச் சுவரில் பிடித்தார். அடுத்த வருஷம் இத்தாலியில் கிராசியும் கூட்டாளிகளும் மனிதருக்கு அதைக் கடத்துவது அனோபிலிஸ் நுளம்புதான் என்று காட்டினார்கள். கெட்ட காற்றுக் கொள்கை அதோடு செத்தது. அதன் பெயர் மட்டும் சாகவில்லை. ஒரு கொள்கை செத்து நூற்றிருபது வருஷத்துக்கு மேலாகியும் நாங்கள் அதன் பெயரைச் சொல்லித்தான் நோயைக் கூப்பிடுகிறோம். இதை ஒரு பிள்ளையிடம் சொல்லிப் பாருங்கள். கண் விரியும். நான் பார்த்திருக்கிறேன்.

அனோபிலிஸ் என்ற பெயரும் ஒரு பகிடிதான். 1818இல் மைகன் என்ற ஜெர்மானியர் வைத்தது. கிரேக்கத்தில் 'பயனில்லாதது' என்று பொருள். எண்பது வருஷம் கழித்து அது என்ன வேலை செய்து கொண்டிருந்தது என்று தெரிந்தபோது பெயரை மாற்ற ஒருவரும் முயலவில்லை.

சரி, பெயரில் என்ன இருக்கிறது, நோயைப் பற்றிப் படித்தால் போதாதா என்பீர்கள். போதாது. பெயர் மூளைக்குள் ஒரு படத்தை நட்டுவிடுகிறது. மலேரியா எங்கே உண்டாகும் என்று கேட்டால் என் பிள்ளைகள் வருஷா வருஷம் 'அழுக்கு நீர், சாக்கடை, குப்பை' என்றுதான் எழுதினார்கள். ரோமாபுரியின் நாற்றச் சதுப்பு அவர்களுக்குத் தெரியாமலே அவர்கள் விடைக்குள் வந்து குந்தியிருந்தது. ஆனால் இலங்கையில் இந்த நோயைப் பரப்பிய முதன்மை நுளம்பான அனோபிலிஸ் கியூலிசிபேசிசுக்கு அழுக்குப் பிடிக்காது. வெயில் படும் தெளிந்த தேங்குநீர் வேண்டும். ஆறு வற்றும்போது மணலுக்கு நடுவே மிஞ்சும் பளிங்குத் தண்ணீர்தான் அதற்கு வீடு. கனகராயன் ஆற்றிலும் பேராற்றிலும் பாலியாற்றிலும் ஆவணி மாதத்தில் நாங்கள் குளித்து விளையாடினோமே, அந்த மடுக்கள்தான். எங்கள் ஊர்ப் பெயர்களைப் பாருங்கள், இரணைமடு, மடு என்று தண்ணீரின் பெயர்தான் எங்கும். நாற்றம் ஒரு பொட்டும் இராது. கெட்ட காற்றைத் தேடிப் போகிறவன் நல்ல தண்ணீரைச் சந்தேகிக்கமாட்டான்.

இதற்குப் பெரிய சாட்சி 1934, 35ஆம் ஆண்டுகளில் வந்த கொள்ளைக் காய்ச்சல். கிட்டத்தட்ட 80,000 பேர் செத்தார்கள். மலேரியாவுக்குப் பேர்போனது வன்னி. ஆனால் பேரழிவு நடந்தது இங்கே அல்ல, தென்மேற்கின் ஈரவலயத்தில். மழை பொய்த்தது. களனி கங்கையும் மகா ஓயாவும் ஓடாமல் குட்டை குட்டையாகத் தேங்கின. வழமையாக வெள்ளம் அடித்துக்கொண்டு போகும் குடம்பிகள் அந்த வருஷம் நின்று வளர்ந்தன. காய்ச்சலை முன்பின் அறியாத உடம்புகள் அங்கே இருந்தன. சதுப்பு கூடியதால் அல்ல, வறட்சி வந்ததால் ஏற்பட்ட கொள்ளைநோய். கெட்ட காற்று என்று பெயர் சொல்லிக்கொண்டே இதை எப்படி விளங்கப்படுத்துவது? பெயர் பிழை என்று முதலில் சொல்லிவிட்டால் ஐந்து நிமிஷத்தில் விளங்கப்படுத்தலாம்.

ஐயாவின் கதைக்கு வருகிறேன். காணி கைகொடுக்காத வருஷங்களில் அவர் மலேரியா மருந்தடிக்கிற வேலைக்குப் போனார். தோளில் பம், தலையில் தொப்பி, கையில் வீட்டுப் பட்டியல். சாமான் சட்டிகளை முற்றத்தில் எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு மண்சுவரில் மருந்து அடிப்பார்கள். இரத்தம் குடித்த நுளம்பு சுவரில் போய் இளைப்பாறும், அங்கேயே விழும். ஆனால் மருந்தடித்து ஒரு கிழமைக்குள் வீட்டுக்காரி வெள்ளைக் கறையைப் பார்க்கச் சகியாமல் சுவரை மெழுகிவிடுவா. அவ்வளவு மருந்தும் மண்ணுக்குள் போய்விடும். இதற்காக ஐயா ஊரெல்லாம் சண்டை பிடித்தவர். எங்கள் வீட்டில் அம்மாவோடும்தான்.

முதலில் அடித்த மருந்து டிடிடி. 1963இல் நாடு முழுவதற்கும் 17 பேருக்குத்தான் மலேரியா. வென்றுவிட்டோம் என்று தெளிப்பை நிறுத்தினார்கள். 1969இல் அது ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. அப்புறம் டிடிடிக்கு நுளம்பு பழகிவிட, எழுபதுகளில் மலத்தியன் வந்தது. அதன் மணம் இருக்கிறதே! அடித்த அன்றைக்குச் சோறு இறங்காது. ஐயாவோடு வேலை செய்தவர்கள் "பேரிலேயே மலம் இருக்குது, வேறை எப்பிடி மணக்கும்" என்று சொல்லிச் சிரிப்பார்கள்.

இதைச் சும்மா பகிடி என்று விட்டிருந்தேன். பிறகு தேடிப் பார்த்தால், மலேரியாவும் மலத்தியனும் ஒரே வேர் போலத் தெரிந்தாலும் இரண்டும் வேறு வேறு. மலத்தியனின் 'மல' மலேயிக் அமிலத்திலிருந்து வருகிறது. மலேயிக் அமிலம் மலிக் அமிலத்திலிருந்து. அதைச் சீலே என்ற சுவீடன்காரர் 1785இல் அப்பிள் சாற்றிலிருந்து பிரித்தெடுத்தார். இலத்தீனில் 'மாலும்' என்றால் அப்பிள். கெட்டது என்ற சொல்லும் இலத்தீனில் கிட்டத்தட்ட இதே சொல்தான். ஆனால் அதற்கு முதல் எழுத்துக் குறில், அப்பிளுக்கு நெடில். குறில் நெடில் மாறினால் பொருள் மாறும் என்பதைத் தமிழ்ப் பிள்ளைக்குப் படிப்பிக்கவா வேண்டும்? கல்லுக்கும் காலுக்கும் உள்ள வித்தியாசம் நேசரிப் பிள்ளைக்கே தெரியும். கெட்ட காற்றை விரட்ட அப்பிளைத் தெளித்துக்கொண்டு திரிந்திருக்கிறார் என் ஐயா. அவருக்கு இதைச் சொல்லக் கிடைக்கவில்லை.

இனி, நான் உங்களுக்கு எழுதத் துணிந்ததன் காரணம். எங்களிடம் இந்த நோய்க்கு ஒரு பழைய பெயர் இருந்தது. முறைக்காய்ச்சல். முறை வைத்து வருகிற காய்ச்சல். இன்றைக்குக் குளிர் நடுங்கிக் கொதித்து வேர்த்து விடும். நாளைக்கு ஆள் எழும்பி வயலுக்குப் போகும். நாளையின்றைக்கு அதே நேரத்துக்கு மறுபடியும் நடுக்கம். 1995இல் யாழ்ப்பாணத்துச் சனம் போரால் இடம்பெயர்ந்து வந்த பிறகு வன்னியில் காய்ச்சல் பெருகியபோது எனக்கும் வந்தது. பின்னேரம் மூன்று மணிக்குக் குளிர் தொடங்கும். மணிக்கூடு தேவையில்லை. இரண்டு சாக்கும் ஒரு படங்கும் போர்த்திக்கொண்டு கிடந்திருக்கிறேன், வெளியில் வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும்.

ஏன் இந்த முறை? இத்தாலியர் கொல்ஜி 1886 அளவில் அதைக் கண்டுபிடித்தார். ஒட்டுண்ணி செங்குழியங்களுக்குள் பெருகி, ஒரே நேரத்தில் அவற்றை வெடிக்கச் செய்துகொண்டு வெளிவருகிறது. வெடிக்கும் நேரம் காய்ச்சல். விவாக்ஸ் வகைக்கு 48 மணித்தியாலம், மலேரியே வகைக்கு 72. இலத்தீன்காரர் 48 மணித்தியாலக் காய்ச்சலை 'மூன்றாம் நாள் காய்ச்சல்' என்றார்கள், முதல் நாளையும் சேர்த்து எண்ணியதால். நாங்கள் செத்த நாளையும் சேர்த்து அந்தியேட்டிக்கு முப்பத்தொன்று எண்ணுவது போல. பிள்ளைகள் '48 மணித்தியாலம் என்றால் இரண்டு நாள்தானே, ஏன் மூன்றாம் நாள்' என்று தடுமாறும்போது இந்த உதாரணத்தைச் சொல்லுவேன். சாவீட்டுக் கணக்கு எல்லாருக்கும் தெரியும்.

இத்தாலிச் சொல் ஒரு ஊகத்தைப் பெயராக வைத்துக்கொண்டது. ஊகம் பிழைத்தது. தமிழ்ச் சொல் கண்ணால் கண்டதைப் பெயராக வைத்துக்கொண்டது. நுணுக்குக்காட்டி வந்து அது சரி என்று சொன்னது. இவ்வளவு நல்ல உதாரணம் கைக்குள் இருக்க, 'நோக்கல், கருதுகோள்' என்று விஞ்ஞான முறைக்கு வரைவிலக்கணம் மட்டும் மனப்பாடம் பண்ண வைக்கிறோம்.

தவறாக விளங்கிக்கொள்ள வேண்டாம். மலேரியாவைத் தூக்கிவிட்டு முறைக்காய்ச்சலை வையுங்கள் என்று நான் கேட்கவில்லை. அந்தச் சண்டைக்கு எனக்கு வயதில்லை. உலகம் முழுக்க வழங்கும் சொல் எங்கள் பிள்ளைக்கும் வேண்டும், ஆஸ்பத்திரித் துண்டில் அதுதான் எழுதியிருக்கும். 19ஆம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் அமெரிக்க மிஷன் வைத்தியர் கிறீன் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்து, நூல்களை மொழிபெயர்த்து, சொற்களைத் தேடித் தேடி அடுக்கிய மண் இது. அந்த உழைப்பை மதிக்கிறேன். ஆனால் பிறமொழிச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறீர்களே, அங்கேதான் எனக்கு மனவருத்தம். ஆங்கிலப் பிள்ளைக்காவது அகராதியில் ஒரு வரி இருக்கும். எங்கள் பிள்ளைக்கு ஒட்சிசன் ஒரு சத்தம், ஐதரசன் இன்னொரு சத்தம்.

ஒட்சிசன் என்றால் 'புளிப்பைப் பிறப்பிப்பது'. அமிலங்கள் எல்லாவற்றிலும் இது இருக்கும் என்று லவோசியே நம்பி வைத்த பெயர். ஐதரோகுளோரிக் அமிலத்தில் ஒட்சிசன் கிடையாது என்று பிறகு தெரிந்தது. ஐதரசன் என்றால் 'நீரைப் பிறப்பிப்பது'. அது சரியாகவே பொருந்தியது. இவ்வளவைச் சொன்னபோது என் வகுப்பில் ஒரு பெடியன் கேட்டான்: "அப்ப சேர், ரெண்டுக்கும் பேரை மாத்தி வைச்சிருந்தால் சரியா இருந்திருக்குமோ?" அமிலத்தின் புளிப்புக்குக் காரணம் ஐதரசன் என்பதைப் பாடத்துக்கு முன்னமே அவன் பிடித்துவிட்டான்.

ஒருமுறை ஆசிரியர்களுக்கான பயிற்சி அமர்வு ஒன்றில் இதைச் சொல்லிப் பார்த்தேன். வளவாளர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மாஸ்டர், இது தமிழ்ப் பாடம் இல்லையே" என்றார். அதற்குள் தேநீர் வந்துவிட்டது. வடை நன்றாயிருந்தது என்பதையும் நேர்மைக்காகச் சொல்லிவிடுகிறேன்.

இப்போது நோயே இல்லையே, ஏன் இந்தப் பழங்கதை என்றும் கேட்கலாம். 1999இல் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்கு இருந்த நோய், 2012 ஒக்டோபரோடு உள்ளூரில் தொற்றுவது நின்றது. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் தந்தது. அதே வருஷக் கடைசியில் மன்னாரில் ஒரு புது விருந்தாளியைக் கண்டார்கள். அனோபிலிஸ் ஸ்டீபென்சி. இந்திய நகரங்களில் மலேரியா பரப்புகிற நுளம்பு. இதற்கு ஆற்று மடு தேவையில்லை, கிணறும் சீமெந்துத் தொட்டியும் போதும். மன்னாரிலிருந்து எங்கள் பக்கம் எவ்வளவு தூரம்? வெளிநாடு போய் வருகிறவர்கள் ஒட்டுண்ணியையும் இரத்தத்தில் கொண்டு வரலாம். நாற்றத்தைத் தேடப் பழகிய பிள்ளை, மூடியில்லாத குடிதண்ணீர்த் தொட்டிக்குள் எட்டிப் பார்க்குமா?

ஆகவே என் விண்ணப்பம் சிறியது. மலேரியா வருகிற பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி போடுங்கள். நான் எழுதிப் பார்த்தது இப்படி: 'மலேரியா என்றால் இத்தாலிய மொழியில் கெட்ட காற்று. நோய்க்குக் காற்றுக் காரணம் அல்ல என்று 1897, 98இல் தெரிந்தது. தமிழில் இதற்கு முறைக்காய்ச்சல் என்றும் பெயர். ஏன் அப்படிச் சொன்னார்கள்?' விடையைப் போட வேண்டாம். அதற்குக் கீழே இரண்டு வரி வெறுமையாக விடுங்கள், 'உங்கள் வீட்டுப் பெரியவர்கள் இந்தக் காய்ச்சலை என்னவென்று சொன்னார்கள்? கேட்டு எழுதுக' என்று. வன்னியில் அந்தக் காய்ச்சலில் கிடந்து எழும்பியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கொஞ்ச வருஷத்துக்கு மட்டும்.

விடைத்தாள் திருத்துவோருக்குத் தனியாக ஒன்று. 'மலேரியாக் காய்ச்சல்' என்று எழுதினால் தயவுசெய்து கோடு கீறாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர் ஒருவர்,
ஒட்டுசுட்டான்.